போர் நடக்கிற நாட்டில் ஊழல் பிடிபட்டால் அந்த அரசு செல்லாததாகிவிடுமா?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருந்தார். விவாதப் போட்டி ஒன்றுக்கு ஆயத்தம் செய்கிறாராம். உக்ரைனில் யுத்தம் நடக்கும்போதே பெரிய இடத்தில் ஊழல் பிடிபட்டிருக்கிறது. அதை வைத்து "இந்த அரசுக்கு ஆளுகிற நியாயமே இல்லை" என்கிறது ஒரு பக்கம். "யுத்தம் முடியும்வரை இதையெல்லாம் கதைக்கக் கூடாது, கதைத்தால் எதிரிக்குத்தான் லாபம்" என்கிறது மறுபக்கம். எது சரி, ஊழலுக்கும் ஆட்சியின் நியாயத்துக்கும் உண்மையில் என்ன தொடர்பு என்பது அவருடைய கேள்வி.

நான் பேராசிரியர் இல்லை. முப்பது வருடத்துக்குக் கிட்ட அரச அலுவலகங்களில் கணக்குக் கிளையில் இருந்தவன். அதில் முக்கால்வாசி யுத்த காலம். வவுச்சரும் காசேடும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் 'நியாயம்' என்ற சொல்லை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள் தம்பி. செல்லுபடி வேறு, ஏற்பு வேறு. தேர்தல் வைத்து, சத்தியப்பிரமாணம் செய்து, வர்த்தமானியில் பெயர் வந்த அரசு சட்டப்படி செல்லும். அந்த அரசின் ஆள் வாசலுக்கு வந்து ஒன்றைச் செய்யச் சொன்னால், அவர் தோளில் தொங்குகிற துவக்குக்காக இல்லாமல் மனசாரச் செய்கிறோமா என்பது ஏற்பு. செல்லுபடி ஒரே நாளில் கிடைத்துவிடும். ஏற்பு அப்படி வராது. செக் பொயின்டிலும் மாவட்டச் செயலகமான கச்சேரியின் படிக்கட்டிலும் நிவாரண வரிசையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அதே இடங்களில்தான் கரைந்தும் போகும்.

கிழக்கிலங்கையில் எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் இதை இரண்டு கரையிலும் நின்று பார்த்திருக்கிறோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து 2007 வரை கிழக்கே எழுவான்கரை அரசாங்கத்தின் கையில், மேற்கே படுவான்கரையில் பெரும்பகுதி விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கையில், நடுவில் வாவி. ஆனால் படுவான்கரைப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குச் சம்பளம் கொழும்பிலிருந்துதான் வந்தது. பங்கீட்டு அரிசியும் ஆஸ்பத்திரி மருந்தும் கோட்டைக்குள் இருந்த கச்சேரியின் கையெழுத்தோடுதான் போனது. காசு கொடுத்தவர் ஒருவர், சனம் சொல்லுக்கேட்டது இன்னொருவருக்கு. காசு கொடுத்தால் ஏற்பு வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் அந்தப் பதினொரு பன்னிரண்டு வருடத்தை ஒருக்கால் யோசித்துப் பார்க்கலாம்.

2002 யுத்தநிறுத்த ஒப்பந்தக் காலத்தில் எழுவான்கரை ஆட்களே காணிச் சண்டைக்கும் கொடுத்த கடனுக்கும் வாவியைத் தாண்டிப் போய் இயக்கத்தின் நீதிமன்றத்தில் முறைப்பாடு வைத்தார்கள். இயக்கத்தின் மேல் பாசம் வைத்துப் போனவர்கள் மட்டுமில்லை. இயக்கத்தைப் பிடிக்காதவர்களும் போனார்கள். இங்கே வழக்கு என்றால் தவணைக்கு மேல் தவணை, அப்புக்காத்துக்கு, அதாவது வழக்கறிஞருக்கு, கட்டியே காணியின் பெறுமதி போய்விடும். அங்கே கெதியாக ஒரு முடிவு வந்தது. ஆப்கானிஸ்தானிலும் அச்சொட்டாக இதே கதை. அரச நீதிபதி கையை நீட்டுகிறார், வழக்கு வருடக்கணக்கில் இழுபடுகிறது என்று, தலிபானை வெறுத்தவர்கள்கூட வயல் எல்லைத் தகராறைத் தலிபான் நீதிபதியிடம் கொண்டுபோனார்கள். காபூலில் நாடாளுமன்றம் இருந்தது, அரசியலமைப்பு இருந்தது, வெளிநாட்டு அங்கீகாரம் இருந்தது. வயல் எல்லையில் அரசு இருக்கவில்லை.

ஆனால் இந்த இடத்தில் ஒரு மயக்கம் இருக்கிறது, அதில் எங்கள் ஆட்கள் பலர் இன்னும் நிற்கிறார்கள். என்னுடைய மாமா ஒருவர் ட்ரக்டர் வைத்திருந்தார். நெல் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்தால் வந்தால் இயக்கம் வரி எடுத்து ரசீது கொடுக்கும். அந்தத் துண்டை ஷொப்பிங் பேக்கில் சுற்றிச் சேட்டுப் பையில் வைத்துக்கொள்வார். அடுத்த கேற்றில் காட்டினால் திரும்பக் கேட்கமாட்டார்கள். அரசாங்கப் பக்கத்தில் யூரியா, சீமெந்து, பற்றரி, எண்ணெய் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. பெர்மிட் இருந்தாலும் 'சந்தோசம்' கொடுக்க வேண்டும். அந்தச் சந்தோசத்துக்கு ரசீது கிடையாது. காலையில் கொடுத்தவன் பின்னேரம் திரும்பி வரும்போது புதிதாகக் கொடுக்க வேண்டும், ஆள் மாறியிருந்தால் விலையும் மாறியிருக்கும். மாமா அடிக்கடி சொல்வார், "அவன் எடுக்கிறது வரி, இவன் எடுக்கிறது களவு" என்று.

மாமா சொன்னதில் பாதிதான் சரி. அந்த ரசீதைக் காட்டி அடுத்த கேற்றைத் தாண்டலாம். "இந்தக் காசு எங்கே போனது" என்று கேட்க முடியாது. கேட்டவனுக்குத் துரோகி என்று பெயர் வரும், அதற்குப் பிறகு வருவது எல்லாருக்கும் தெரியும். பிள்ளையைப் படைக்குக் கொண்டுபோனதற்கு ரசீதும் இருக்கவில்லை. 2004 மார்ச்சில் இயக்கம் உடைந்தபோது கிழக்குப் பக்கம் "எங்களைப் புறக்கணித்தார்கள்" என்றது, வன்னிப் பக்கம் "நிதி மோசடி" என்றது. அந்த வாரம்தான் சனத்துக்கே கணக்கில் ஏதோ பிணக்கு இருந்தது என்று தெரியவந்தது. அதுவரை வரி கட்டிய, வயல் நிறைய வைத்திருந்த ஒரு போடியாரோ கடைக்காரரோ அந்தக் கணக்குப் புத்தகத்தின் மட்டையைக்கூடக் கண்டதில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் திருவிழாக் கணக்கைக் குடிகளுக்கு முன்னால் வாசிக்காமல் விட்டால் சண்டை வரும். அந்தளவு கேள்விகூட அங்கே இருக்கவில்லை. "அந்தக் காலத்தில் லஞ்சம் இருந்ததா?" என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். பயம் கூடினால் லஞ்சம் குறையும், உண்மைதான். அதை ஏற்பு என்று சொல்லலாமா என்பது வேறு கேள்வி.

அந்த உடைவுக்குப் பிறகு வந்த சில வருடங்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. கப்பம். யாருக்குக் கொடுத்தோம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத காசு. பக்கத்தில் பொலிஸ் நிலையம் இருந்தும் முறைப்பாடு எழுதப் போகாத காலம் அது. அரசாங்கத்தின் மேல் எங்கள் தெருவில் இருந்த கொஞ்சநஞ்ச ஏற்பும் அப்போதுதான் போனது என்பது என் கணிப்பு.

இனிச் சுனாமிக்கு வருகிறேன். அதில்தான் நான் மேசையின் இந்தப் பக்கம் இருந்தேன். 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். அந்த மாவட்டத்துக் கரையோரத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் எனக்கு அப்போது வேலை. ஆளுக்கு வாரம் 375 ரூபாய் நிவாரணம்: 200 காசு, மிச்சத்துக்கு உலர் உணவு. குடும்பத்துக்கு மாதம் 5,000. சட்டிபானை வாங்க 2,500. இறந்தவருக்கு 15,000. முழுதாக உடைந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம். எல்லாமே பட்டியலில் பெயர் இருந்தால்தான். பட்டியலோ அகதிமுகாம் மேசையில் அவசர அவசரமாக எழுதியது. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் கடலோடு போய்விட்டதால், சொன்னதை எழுதினோம்.

இரண்டு மாதம் கழித்துத் திருத்திய பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினோம். வயதுபோன அம்மா ஒருவர், வாசிக்கத் தெரியாதவர், பேத்தியைக் கூட்டிவந்து ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நின்றார். விரல் வைத்து வாசித்துக்கொண்டு வந்த பிள்ளை ஓரிடத்தில் நின்றது. அந்த அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் பெயர். சுனாமிக்கு ஆறு வருடத்துக்கு முன் காய்ச்சலில் செத்துப்போன மனிதர், வீடு இழந்த குடும்பத் தலைவராகச் சுவரில் இருந்தார். அவருக்கு நிவாரண அட்டை எழுதி, மாதம் 5,000 இரண்டு தடவை எடுத்தும் ஆயிற்று. அம்மா திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் உசிரோட இரிக்கன், எனக்கு அட்டை இல்ல. செத்த மனிசனுக்கு எப்பிடி மனே அட்டை வந்த?"

வரிசையில் நின்ற ஒருவர், கொஞ்சம் படித்தவர், "அம்மா, ஊரே அழிஞ்சு கிடக்கு, இதைக் கதைக்கிற நேரமா இது?" என்றார். தம்பி, நீங்கள் சொன்ன மறுபக்கத்தின் வாதம் முழுவதும் அந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது.

அன்று பின்னேரமே அந்தப் பெயரையும் அதோடு சேர்ந்த இன்னும் மூன்றையும் வெட்டினோம். அம்மாவுக்கு அட்டை வர ஏழு வாரம் போனது. பட்டியல் எழுதியவருக்குக் கிடைத்த தண்டனை இடமாற்றம். போன இடத்திலும் அவருக்குப் பட்டியல் எழுதுகிற வேலைதான்.

இல்லாத பெயருக்குக் காசு எடுப்பது கணக்கு உலகத்தில் ஆகப் பழைய களவு. யுத்த நாடுகளில் அது படைக்குள் போகும்போதுதான் நாடே விழுகிறது. எப்படி என்று கணக்காகவே சொல்கிறேன். படையில் ஒரு கொம்பனியில் நூறு பேர் என்று சம்பளப் பட்டியல். உண்மையில் நிற்பது அறுபது பேர். மிச்ச நாற்பது பேரின் சம்பளம் அதிகாரியின் பைக்குள். நாற்பது பேரின் சாப்பாடும் எண்ணெயும் சந்தையில். இதோடு நின்றால் நட்டம் காசு மட்டும்தான். ஆனால் தலைநகரில் வரைபடம் விரித்துத் திட்டம் போடுகிறவர் அந்த இடத்தில் நூறு பேர் நிற்கிறார்கள் என்று நம்பித்தான் பக்கத்து இடத்தைப் பலவீனமாக விடுகிறார். பொய் எண்ணிக்கை அப்போது பாதுகாப்புத் திட்டத்துக்குள் புகுந்துவிடுகிறது.

ஈராக்கில் மோசுல் நகரம் 2014 ஜூன் 10இல் ஐ.எஸ். கையில் விழுந்தது. படை எண்ணிக்கையில் தாக்க வந்தவர்களைவிட அரசாங்கம் பல மடங்கு பெரியது, கடதாசியில். அந்த நவம்பர் கடைசியில் பிரதமர் ஹைதர் அல்-அபாதி நாடாளுமன்றத்தில் எழும்பி, இல்லாத 50,000 பேருக்குச் சம்பளம் போயிருக்கிறது என்று சொன்னார். ஈராக்கியர்கள் இப்படிப்பட்ட சிப்பாய்களை 'விண்வெளிக்காரர்' என்று நக்கலாகச் சொல்வார்கள், பூமியில் காணக் கிடைக்காதவர்கள் என்று. சிலர் உண்மையான ஆட்கள்தான். சம்பளத்தில் பாதியை அதிகாரிக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார்கள்.

ஆப்கானிஸ்தானில் பாதுகாப்புப் படை மூன்று இலட்சம் என்று அமெரிக்க ஜனாதிபதியே சொல்லிக்கொண்டிருந்தார். 2021 ஆகஸ்ட் 15இல் காபூல் விழுந்த பிறகு, நிதியமைச்சராக இருந்த காலித் பாயெந்தா அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி இருந்ததே இல்லை என்றார். அதற்கும் பதினொரு வருடத்துக்கு முன், 2010இல், அரச ஊழியருக்கும் படைக்கும் சம்பளம் போன காபூல் வங்கியே சரிந்தது. கிட்டத்தட்ட 90 கோடி டொலர், பங்குதாரர்களும் அவர்களின் ஆட்களும் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்ட கடன். ஜனாதிபதியின் சகோதரர் ஒருவரும் துணை ஜனாதிபதியின் சகோதரர் ஒருவரும் அந்த வங்கியோடு சம்பந்தப்பட்டிருந்தார்கள். சம்பளம் எடுக்க வங்கி வாசலில் நெரிபட்ட சிப்பாய் அன்று என்ன நினைத்திருப்பான்? பதினொரு வருடம் கழித்து அவனைப் போன்றவர்கள் துவக்கைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனதைக் கோழைத்தனம் என்று எழுதினார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இதுவரை சொன்னதை வைத்து "ஊழல் என்றால் ஏற்பு போய்விடும்" என்று நேர்கோடு போட்டுவிடாதீர்கள். எதிரணியில் கெட்டிக்காரர் யாராவது இருந்தால் இங்கேதான் பிடிப்பார். ஊழல் ஏற்பைக் கொடுக்கவும் செய்யும். எங்கள் பக்கத்தில் வேலை நியமனத்துக்கு எம்பியின் சிபாரிசுத் துண்டு இல்லாமல் போனவர்கள் எத்தனை பேர்? துண்டு கொடுத்தவர் திருடர் என்று அந்தக் குடும்பம் சொல்லுமா? "எங்கட ஆள், எங்கட பிள்ளைக்கு ஒரு வழி காட்டினார்" என்றுதான் சொல்லும். அம்பாறையில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூன்று பேரும் கலந்திருப்பதால் இது இன்னும் வடிவாகத் தெரியும். மற்றச் சமூகத்து அரசியல்வாதி எடுத்தால் கொள்ளை, எங்கட ஆள் எடுத்தால் பங்கு. அரசு என்ற பெரிய சட்டியிலிருந்து ஏற்பு வழிந்து சின்னச் சின்ன ஆட்களின் கிண்ணங்களில் சேருகிறது. நடுவில் சட்டி வெறுமையாகிறது.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமி வீட்டுத்திட்டத்தைப் போய்ப் பாருங்கள். சவூதி உதவியில் கட்டிய 500 வீடு. யாருக்குக் கொடுப்பது என்று இழுபட்டு, உயர் நீதிமன்றம்வரை போய், இன விகிதப்படி பகிர வேண்டும் என்ற தீர்ப்பும் வந்து, வருடக்கணக்கில் பூட்டியே கிடந்தன. கதவும் கூரையும் களவு போய், கட்டிய வீட்டுக்குள் புதர் வளர்ந்தது. அங்கே யாரும் காசு அடித்தார் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகப் பங்கிடும் என்று எந்தச் சமூகமும் நம்பாத அரசு, வீட்டைக் கட்டிய பிறகும் அதைக் கொடுக்க முடியாமல் நின்றது.

உக்ரைன் விஷயத்தில் தேதிகளை வரிசையாகப் பார்த்தால் உங்களுக்கு வாதம் கிடைக்கும். 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சின் உணவு ஒப்பந்தம் ஒன்று பத்திரிகையில் வெளிவந்தது. கடையில் 7 ஹ்ரிவ்னியாவுக்கு விற்கும் முட்டைக்கு அதில் 17 போட்டிருந்தது. துணை அமைச்சர் பதவி விலகினார். அமைச்சர் ரெஸ்னிக்கோவ் செப்டெம்பரில் மாற்றப்பட்டார். அதே வருடம் ஆகஸ்டில் ஆள்சேர்ப்பு அலுவலகங்களின் பிராந்தியத் தலைவர்கள் எல்லாரையும் ஒரே நாளில் நீக்கினார் ஜனாதிபதி செலென்ஸ்கி, காசு வாங்கிக்கொண்டு ஆட்களைப் படைக்குப் போகாமல் தப்பவிட்டார்கள் என்ற முறைப்பாட்டில். 2025 ஜூலை 22இல் ஊழல் விசாரிக்கிற இரண்டு நிறுவனங்களின் சுதந்திரத்தைப் பறிக்கிற சட்டத்தில் அதே செலென்ஸ்கி கையெழுத்து வைத்தார். ட்ரோன் விழுகிற நகரத்தில் இளம் ஆட்கள் மட்டைத் துண்டில் எழுதிப் பிடித்துக்கொண்டு வீதிக்கு வந்தார்கள். ஒன்பது நாளில் சட்டம் திருப்பப்பட்டது. அப்படிக் காப்பாற்றப்பட்ட அந்த நிறுவனங்கள்தான் நவம்பரில் அணுமின் நிறுவனத்தைச் சுற்றிய 10 கோடி டொலர் கொமிஷன் விவகாரத்தை வெளியில் கொண்டுவந்தன. இரண்டு அமைச்சர்கள் போனார்கள். ஜனாதிபதியின் வலக்கையாக இருந்த எர்மாக் 28ஆம் தேதி விலகினார்.

இதைக் காட்டி "பார், எவ்வளவு கள்ள அரசு" என்று ஒருவர் சொல்லலாம். பொய் இல்லை. குளிரில் மின்சாரம் இல்லாமல் இருக்கிற சனத்தின் மின்சாரக் காசிலேயே கைவைத்ததாகக் குற்றச்சாட்டு, அதைவிட அசிங்கம் என்ன இருக்கிறது. ஆனால் கணக்குக்காரனாக நான் பார்ப்பது, கேட்ட ஆள் என்ன ஆனார் என்பதை. அந்த ஒன்பது நாளில் வீதிக்கு வந்த பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள், சட்டமும் திரும்பியது. எங்கள் நாட்டில் 2006இல் விமானப்படைக்கு மிக்-27 விமானம் நான்கு வாங்கினார்கள், அதுவும் உக்ரைனிலிருந்து. அந்தக் கொடுக்கல்வாங்கலில் மோசடி என்று எழுதிய பத்திரிகைகளில் 'சண்டே லீடர்' ஒன்று. அதன் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8இல் பட்டப்பகலில் தெருவில் வைத்துக் கொல்லப்பட்டார். யார் செய்தது என்று இன்றுவரை எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. விமானக் கணக்கும் முடியவில்லை. போர்க்காலத்தில் வாயை மூடச் சொன்னால் லாபம் நாட்டுக்கு இல்லை, கணக்கில் கைவைத்தவருக்குத்தான்.

இன்னொன்று, தேர்தல். செலென்ஸ்கியின் பதவிக்காலம் 2024 மேயில் முடிந்துவிட்டது, ஆகவே செல்லாது என்கிறது மொஸ்கோ. உக்ரைன் சட்டப்படி இராணுவச் சட்டம் அமுலில் இருக்கும்போது தேர்தல் வைக்க முடியாது. அது 2022 பெப்ரவரி 24இலிருந்து அமுலில் இருக்கிறது. செல்லுபடி என்ற அளவில் அந்த வாதம் நிற்காது. யுத்தமே இல்லாமல் எங்கள் கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் முடிந்து, தேர்தல் இல்லாமல் ஆளுநர் கையில் வருடங்கள் ஓடியதை நினைத்தால் சிரிப்புத்தான் வரும்.

வெற்றி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் விவாதத்தில் வரும். 2009இல் இங்கே வெற்றி வந்தது. அந்த வெற்றியை வைத்து யுத்த காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ஷ 2019இல் 52 வீதத்துக்கு மேல் எடுத்து ஜனாதிபதியானார், எங்கள் மாவட்டம் எதிர்ப்பக்கம் குத்தினாலும். 2022 ஜூலை 13 விடியப்புறம் அவர் விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குப் போனார். துரத்தியவர்களில் பலர் அவருக்கு வாக்குப் போட்ட சனம். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், பொருளாதாரச் சரிவில் அவரும் சகோதரர்களும் இன்னும் சிலரும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்புச் சொன்னது. யுத்த காலத்தில் கேள்வி கேட்காமல் விட்ட பழக்கத்துக்கு வட்டியோடு பில் வர பதின்மூன்று வருடம் எடுத்தது, அவ்வளவுதான்.

விவாதத்தில் நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. "ஊழல் இருப்பதால் அரசு செல்லாது" என்ற பக்கமென்றால் கஷ்டம். ஊழல் இல்லாத அரசைக் காட்டு என்பார்கள். அரசு முறைப்பாட்டைக் கேட்கிறதா, கேட்டவரை அடிக்கிறதா என்ற இடத்துக்கு விவாதத்தை இழுத்துவிடுங்கள். "கதைத்தால் படையினரின் மனம் தளரும்" என்று யாராவது சொன்னால், அந்த 17 ஹ்ரிவ்னியா முட்டை யாருடைய சாப்பாட்டுக்கு வாங்கியது என்று கேளுங்கள். ஒரு கவனம்: அணுமின் விவகாரத்தில் பெயர் சொல்லிப் பேசும்போது 'குற்றச்சாட்டு' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். முட்டை விலை பற்றியும் அமைச்சர் தரப்பு அது கணக்கெழுத்துப் பிழை என்றுதான் விளக்கம் சொன்னது. அதையும் சேர்த்தே சொல்லுங்கள், இல்லாவிட்டால் எதிரணி சொல்லும்.